நர்ஸக்காவின் சம்பந்தி பாட்டு

நிலாவைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் வாத்தியார். வகுப்பில் நாங்கள் பதினோரு பேர். பத்துப் பேர் நிலாவைப் படாத பாடு படுத்தியிருந்தோம். ஒருத்தர் அதைத் தட்டாக்கிச் சோறு போட்டிருந்தார், இன்னொருத்தர் அதில் பொட்டு வைத்திருந்தார், நான் அதைக் கூப்பிட்டு வைத்து ஒரு பாட்டம் அழுதிருந்தேன். பதினோராவது ஆள் நர்ஸக்கா. எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"ஆஸ்பத்திரி மாடி ஏறிப் பார்த்தேன், அரை மணி நேரம் நின்னு பார்த்தேன், நிலா வரல, இன்னிக்கு அமாவாசை."

படித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். வாத்தியாருக்கு ஆர்மோனியத்தில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏம்மா, மத்த நாள்ல பாத்த நிலாவ நெனச்சிக்கினு எழுதக் கூடாதா?"

"நேத்து இருந்தது சார், நகத்துண்டு மாதிரி. அதுவும் விடிகாலைல. அப்ப நான் டூட்டில இருந்தேன், பாக்கல. பாக்காதத எப்டி சார் எழுதறது?"

அவ்வளவுதான் நர்ஸக்கா. மேலே நான் எவ்வளவு சொன்னாலும் இந்த ஒரு கேள்விக்குள்தான் வந்து நிற்கும். பாட்டில் பொய் வராது அவளுக்கு. வராது என்றால், எழுத வராது என்பதில்லை, எழுத மாட்டாள். உயிரே போனாலும் மாட்டாள். அவள் பேரைச் சொல்லலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் திருவள்ளூரைச் சுற்றிப் பிறந்ததுகளில் பாதி அவள் கையில் விழுந்ததுதான். பேரைச் சொன்னால் ஆளுக்கொரு கதையோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். என்னால் காபி போட்டு மாளாது.

எழுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். திருவள்ளூரில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியவர்களுக்குப் பாட்டெழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். பாடுவதற்கு இல்லை, எழுதுவதற்கு. நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்து ஓய்ந்த ஒருவர் வாத்தியார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று செய்த பெஞ்சில் எங்களுக்கு முழங்கால் நுழையாது. கரும்பலகையில் மூணாம் வாய்ப்பாடு அழியாமல் இருக்கும். அதற்கு மேலேயே அவர் 'தன்னன தானன தானா' என்று எழுதுவார். அதுதான் தத்தகாரம். மெட்டை அப்படிச் சொல்லிவிடுவார், அந்தத் தன்னனவுக்குள் அளவு பிசகாமல் நாங்கள் சொல்லைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். ரவிக்கைக்கு அளவு கொடுத்த மாதிரி, கூடவும் கூடாது குறையவும் கூடாது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. காலையிலிருந்து காதில் அந்த வளையத்தை மாட்டிக்கொண்டு, 'நம்பர் ப்ளீஸ்' சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்து, ராகம் போட்டுப் பேசும் பழக்கம் வந்துவிட்டது. செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்துபோவேன். சாயங்கால வகுப்புக்குப் போகிறேன் என்றதும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஆம்பிளைகளோடு உட்கார்ந்து என்ன பாட்டு வேண்டியிருக்கிறது என்றார். வகுப்பில் என்னைத் தவிர இருந்த ஒரே பெண் நர்ஸக்கா. அவளே நேராக வீட்டுக்கு வந்து, "நான் கூட இருக்கேன் நைனா, ரயில் ஏத்தி உட்டுட்டுதான் போவேன்" என்றாள். அப்பாவுக்கு நர்ஸம்மா சொன்னால் சரி. என் தம்பி தலைகீழாக வந்தவன், அவனை அவள்தான் உயிரோடு எடுத்துக் கொடுத்தாள்.

நாற்பது வயதிருக்கும் அவளுக்கு. ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரி, பேச்சில் தெலுங்கு எட்டிப் பார்க்கும். வெள்ளைப் புடவை, நெஞ்சில் ஊக்கு குத்தித் தலைகீழாகத் தொங்கும் ஒரு கடிகாரம். எதைச் சொல்வதானாலும் முதலில் அந்தக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த நேரத்தை எழுதுகிறவள் அவள். அந்த நேரத்தை வைத்துத்தான் நட்சத்திரம், ஜாதகம், நாளைக்குக் கல்யாணம் எல்லாம். அதனால் குழந்தை பிறந்த வீட்டுக்காரர்கள் வந்து கெஞ்சுவார்கள். ஒருமுறை நான் அங்கே நிற்கும்போதே ஒரு பெரிய கடைக்காரர், பேரன் பிறந்த சந்தோஷத்தில் சாத்துக்குடியும் பூவுமாக வந்து குழைந்தார்.

"ஒரு பத்து நிமிஷம் முன்னால போட்டுக்கினா நட்சத்திரம் மாறிடும்னு ஐயர் சொல்றாரும்மா. பத்தே நிமிஷம்."

"அதுக்கின்னா நைனா, கொழந்த பத்து நிமிஷம் முன்னாலயே வந்திருக்கலாமே. நான் இங்கதானே நின்னுக்கினு இருந்தேன்."

சாத்துக்குடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பூவை மட்டும் வைத்துக்கொண்டாள், அது பேரனுக்காகக் கொடுத்தது, நேரத்துக்காக இல்லை என்று அவளே ஒரு கணக்கு சொன்னாள்.

அவள் பாட்டு வகுப்புக்கு வந்ததே தாலாட்டு எழுதத்தான். பிறக்கிற குழந்தையெல்லாம் முதலில் தன் கையில்தான் அழுகிறது, அதற்குப் பாட ஒரு பாட்டு வேண்டும், இருக்கிற தாலாட்டெல்லாம் பொய் என்பாள். "தங்கத் தொட்டிலாம், வைரக் கயிறாம். எந்தக் கொழந்தைக்குக் கண்ணு தங்கத் தொட்டிலு? பொறந்து கண்ணு முழிக்கறதுக்குள்ள பொய்யா?" அவள் எழுதிய முதல் தாலாட்டில் இரும்புக் கட்டில் வரும், அதன் ஒரு கால் ஆடும், ஆடுகிற காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை வரும், ஜன்னலுக்கு வெளியே கத்தரிக்காய் வண்டி போகும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கேட்டால் குழந்தைகள் தூங்கின. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதே புத்தியோடு எங்கள் மானத்தையும் ஒருமுறை வாங்கினாள். ஒரு வாசகசாலை ஆண்டுவிழாவுக்கு எங்கள் வகுப்பு வரவேற்புப் பாட்டு எழுத வேண்டும் என்று ஏற்பாடு. அதுதான் எங்கள் முதல் மேடை. பல்லவியை எங்களோடு படித்த ரயில்வே போர்ட்டர் ஒருத்தர் எழுதினார், சரணம் நர்ஸக்கா பங்கு. தலைமை தாங்க வேண்டிய பெரிய மனிதர் அஞ்சு மணி என்று சொல்லி ஏழே முக்காலுக்கு வந்தார். அதுவரை மேடை ஓரத்தில் உட்கார்ந்து பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு நர்ஸக்கா என்னவோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். 'வருக வருக' என்று நாங்கள் கோரஸ் பாடி நிறுத்தினோம். அவள் கணீரென்று எடுத்தாள்.

"அஞ்சு மணிக்கென்று சொன்னவரே வருக, ஏழே முக்காலுக்கு வந்தவரே வருக, காத்திருந்து மோரெல்லாம் தீர்ந்ததய்யா, கடைசிச் சோடா இருக்குதய்யா வருக வருக."

அளவு துளியும் பிசகவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரிய மனிதர் அந்தக் கடைசிச் சோடாவைக் குடிக்காமலே பேசிவிட்டுக் கிளம்பிப்போனார். வாத்தியார் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இன்னா சார் தப்பு? சோடா இருந்துதே" என்றாள். அதற்கப்புறம் ஊரில் எந்த விசேஷத்துக்கும் எங்கள் வகுப்பைக் கூப்பிடவில்லை.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வகுப்பில் பக்கத்து பெஞ்சில் ஒருத்தர் உட்காருவார். ஊத்துக்கோட்டைக்காரர், பம்புசெட் கம்பெனியில் ஃபிட்டர். விரல் நகத்தில் கிரீஸ், சட்டைப் பையில் மடித்த காகிதம். பல்லவி அழகாகப் போடுவார், சரணத்தில் வழுக்கி விழுவார். எனக்குப் பல்லவியே வராது, சரணம் கொட்டும். வாத்தியார், "நீங்க ரெண்டு பேரும் சேந்து எழுதுங்க" என்று ஜோடி போட்டுவிட்டார். ஜோடி போட்டது அவர்தான், நானில்லை. ஒரு மழை நாளில் ஃபிட்டர் எழுதிக்கொண்டு வந்த பல்லவி இது.

"செவ்வாப்பேட்டை ரெண்டாம் மேடை, சேப்புக் கொடையில யாரு?"

அப்போதெல்லாம் பெண்பிள்ளைகள் பிடித்த குடையும் கறுப்புத்தான். மெட்ராஸிலிருந்து என் மாமா வாங்கி வந்த சிவப்புக் குடை எங்கள் ஸ்டேஷனிலேயே என்னிடம் ஒன்றுதான் இருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. வாத்தியார் ஒன்றும் தெரியாமல் "நல்லா இருக்கு, இதுக்கு சரணம் எழுதும்மா" என்றார். எழுதினேன். என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். அன்று வீட்டுக்கு வந்து சோற்றில் மோருக்குப் பதிலாக அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எங்களுக்குப் பின் பெஞ்சு நர்ஸக்கா. எல்லாம் அவள் கண்ணெதிரே நடந்தது. ஒருநாள் அப்பா ஸ்டேஷனில் அவளைப் பிடித்து, "எம்பொண்ணு ஒழுங்கா எழுதுதாம்மா?" என்று கேட்டார். நானும் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"நல்லா எழுதுது நைனா. பக்கத்து பெஞ்ச பாத்துக்கினே எழுதுது."

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை, காப்பி அடித்துப் பாஸாகிற புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒரு மணி நேரம் திட்டினார். தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

ஒரே சாதி, ஒரே வகையறாதான், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் ஃபிட்டருடைய தாய்மாமன். அவர் அம்மாவின் அண்ணன். புருஷன் இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பந்தியில் அப்பளம் உடைந்திருந்தது என்று ஒரு கல்யாணத்தை முகூர்த்தத்துக்கு முதல் நாள் நிறுத்தியவர். காதல் கீதல் என்று எவனாவது வாயெடுத்தால் பந்தக்காலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். ஃபிட்டர் பாட்டு வகுப்புக்கு வருவதே ஊத்துக்கோட்டையில் யாருக்கும் தெரியாது, கம்பெனியில் ஓவர்டைம் என்று சொல்லிவைத்திருந்தார். ஆகவே நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை என்று ஆக வேண்டும். தரகர் மூலம் வர வேண்டும், ஜாதகம் பொருந்த வேண்டும், பெண் பார்க்க வந்து நான் தலை குனிந்து காபி கொடுக்க வேண்டும். தரகர் பையில் ஐம்பது ஜாதகம் கிடக்கும். என் ஜாதகத்துக்கு நானே ஒரு நகல் எழுதிக் கொடுத்தேன். ஃபிட்டர் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் தரகர் வெற்றிலை வாங்கப் போன நேரம் பார்த்து, ஊத்துக்கோட்டைக்கு என்று கட்டி வைத்திருந்த கட்டின் மேலாக அதைச் செருகிவிட்டார். செருகிவிட்டுத் திரும்பினால் எதிரில் டீ கிளாஸோடு நர்ஸக்கா. கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாளாம்.

பொருத்தம் எட்டு. பெண் பார்த்தார்கள். நான் காபி கொடுத்தேன். அவர் என்னைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும், ஃபிட்டர் வேலையை விட்டு நாடகத்துக்கே போயிருக்கலாம். அவர் அம்மா அகலமான ஆள், அதிகம் பேசவில்லை. பஜ்ஜி சாப்பிட்டார், வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், சரி என்றார். கல்யாணம் திருவள்ளூர் சத்திரத்தில் நிச்சயமானது.

சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் திரிந்தவளுக்கு ஒரே ஒரு பயம்தான். நர்ஸக்கா. கூப்பிடாமல் இருக்க முடியாது. கூப்பிட்டால் நலங்கில் யாராவது அவளைப் பாடச் சொல்வார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நலங்கு வைக்கும்போது இரண்டு வீட்டுப் பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து சம்பந்தி பாட்டுப் பாடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்து வாய்க்கு வந்த பொய்யையெல்லாம் பாட்டில் அடித்துவிடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த இடத்தில் இவள் எழுந்து நின்றால் என் கதி என்ன? பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனேன்.

"அக்கா, நீங்க கண்டிப்பா வரணும். ஆனா பாடக் கூடாது."

"யாரும் கேக்கலன்னா நான் ஏன் பாடறேன்?"

"கேட்டாலும் பாடக் கூடாது அக்கா. பாடினா ஒரு பொய் பாட்டு பாடுங்க. எனக்காக ஒண்ணே ஒண்ணு."

கோபமில்லை, பாவம், நிஜமாகவே யோசித்தாள். "வராது கண்ணு. எழுதிப் பாத்துட்டேன். ஒனக்காக நேத்து ஒக்காந்து எழுதினேன். மாப்பிள்ள ராஜா, பொண்ணு ரோஜான்னு. படிச்சா வயித்த பொரட்டுது. கிழிச்சிப் போட்டுட்டேன்" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

நலங்கு அன்றைக்குச் சத்திரத்தில் விளக்குப் போட்டதும் பெண்கள் ஜமக்காளத்தில் இரண்டு அணியாக உட்கார்ந்தார்கள். வாசல் பக்கம் நாற்காலியில் மாப்பிள்ளையின் தாய்மாமன், காது மட்டும் எங்கள் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் முதலில் ஆரம்பித்தார்கள். எங்கள் அப்பா விருந்துக்கு வைத்த சாம்பாரில் பருப்பைத் தேட ஓடம் விட்டார்கள் என்று பாடினார்கள். எங்கள் வீட்டு மெலிசுத் தோசைக்குள் பார்த்தால் ஊத்துக்கோட்டை தெரிகிறது என்று பாடினார்கள். எல்லாரும் சிரித்து உருண்டார்கள். இப்போது எங்கள் முறை. எங்கள் பக்கம் பாடுகிறவள் என் அத்தை ஒருத்திதான். காலையிலிருந்து சமையல்காரர்களோடு சண்டை போட்டு அவளுக்குத் தொண்டையில் காற்றுதான் வந்தது.

"இன்னா பொண்ணு ஊட்ல எல்லாரும் ஊமையா?" என்று அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

"பாட்டு கிளாஸுக்குப் போன பொண்ணாச்சே, கூடப் படிச்சவங்க யாரும் வரலியா?" என்று இன்னொரு குரல்.

மூலையில் உட்கார்ந்திருந்த நர்ஸக்கா எழுந்தாள். கேட்டுவிட்டார்களே, இனி அவளை யார் நிறுத்துவது? பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மணையில் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர் மணையில் அவர் முகம் மஞ்சளுக்கு அடியில் வெளுத்தது.

"வாரத்துக்கு ரெண்டு நாளு பாட்டு வகுப்பு சம்பந்தி,
மாப்பிளையும் பொண்ணும் அங்க பக்கத்துப் பெஞ்சு சம்பந்தி.
பல்லவிய உங்க புள்ள போட்டு வெச்சாரு சம்பந்தி,
சரணத்த எங்க பொண்ணு முடிச்சி வெச்சா சம்பந்தி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு. எல்லாம் போச்சு. வாசலில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அந்த நொடியில் எதிர்ப்பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. சாதாரணச் சிரிப்பில்லை, ஜமக்காளம் அதிர்கிற சிரிப்பு. என் மாமியாராக வேண்டியவர்தான். தொடையில் தட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "அடி ஆத்தாடி, இன்னா புளுகு, இன்னா புளுகு" என்று சிரித்தார். அவர் சிரித்ததும் அவர் பக்கம் மொத்தமும் சிரித்தது. அது சிரித்ததும் எங்கள் பக்கமும் சிரித்தது. நர்ஸக்கா விடவில்லை.

"தரகரோட பையிக்குள்ள கைய உட்டாரு சம்பந்தி,
ஜாதகத்த உங்க புள்ள சொருகி வெச்சாரு சம்பந்தி.
ஊத்துக்கோட்ட சங்கதியெல்லாம் உங்களுக்குத் தெரியும் சம்பந்தி,
இருந்தாலும் இதுமட்டும் தெரியாது சம்பந்தி."

ஒவ்வொரு 'சம்பந்தி'க்கும் கைதட்டல். நோட்டை மூடிவிட்டு அவள் குழம்பிப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள்.

"இன்னாமா சிரிக்கிறீங்க? நான் நெஜமா பாடறேன். நடந்ததத்தான் பாடறேன்."

அதற்குப் பிறகுதான் சத்திரமே சிரிப்பில் இரண்டாகிவிட்டது. ஒரு கிழவிக்குப் புரை ஏறி முதுகில் தட்ட வேண்டியிருந்தது. வாசலில் தாய்மாமன்கூட மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "நல்லா வுடறாப்பா அந்தம்மா" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னாராம். நலங்கில் பாடுவது பொய் என்பது வழக்கம், வழக்கத்தை மீறி ஒருத்தி நிஜத்தைக் கொண்டுவந்து கொட்டுவாள் என்று யார் நினைப்பார்கள்? நானும் சிரித்தேன். பயம் விட்ட சிரிப்பு, நிறுத்த முடியவில்லை, மஞ்சள் கரைந்து கண்ணில் எரிந்தது, அப்போதும் சிரித்தேன்.

நர்ஸக்கா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் தாலி கட்டியானதும் அட்சதை போட வந்தவள் என் காதில் சொன்னாள், "இத்தன வருஷத்துல நான் எழுதினதுலயே அதான் நல்ல பாட்டு கண்ணு. அளவு, சந்தம் எல்லாம் சரியா வந்துது. ஒருத்தர்கூட நம்பல." எனக்கு அப்போது இருந்த தலைகால் புரியாத நிலையில், "அதனாலதானே அக்கா பொழச்சேன்" என்று சிரித்துவிட்டேன். அதை நினைத்துப் பின்னால் வெட்கப்பட்டிருக்கிறேன். அவளும் அதற்கப்புறம் எங்கும் பாடவில்லை. நோட்டு பையில் இருக்கும், பாடு என்றால், "வேணாம், சிரிப்பாங்க" என்பாள். வகுப்புக்கும் வருவதை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். என் கல்யாணம் நடந்ததற்கு அவள் பாட்டு விலையாகிவிட்டது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தேன். வலி கண்டதும் அதே ஆஸ்பத்திரி, அதே ஆடுகிற கட்டில், காலுக்கடியில் அட்டைகூட அதேதான் என்று நினைக்கிறேன். பெண் பிறந்தாள். நர்ஸக்கா கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, "நாலு பன்னண்டு" என்றாள்.

தகவல் போய், ஊத்துக்கோட்டை பஸ்ஸைப் பிடித்து மறுநாள் மத்தியானம் மாமியார் வந்துவிட்டார். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு மூக்கு யார் மாதிரி, முழி யார் மாதிரி என்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த என் நாத்தனார் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, மாமா சொல்லி அனுப்பிச்சாரே. நாலு மணிக்கு முன்னாலன்னு எழுதிக்கினா நட்சத்திரம் நல்லா வருதாம். நர்ஸம்மாகிட்ட கேட்டுப் பாரேன்."

"யாருகிட்ட? இவகிட்டயா?" மாமியார் பேத்தியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நலங்குப் பாட்டுலயே ஒரு பொய் பாடத் தெரியாதவ. இவ வந்து நேரத்த மாத்தி எழுதுவாளா? போடி."

பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டிருந்த நர்ஸக்கா அப்படியே திரும்பினாள். நான் எழுந்து உட்காரப் பார்த்தேன், முடியவில்லை.

"அத்தை, அது நெஜம்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"எப்டித் தெரியுமாம்." மாமியார் சிரித்தார். "கல்யாணத்துக்கு முன்னால மூணு மாசமா என் புள்ள கெணத்தாண்ட குளிக்கறப்பல்லாம் ஒரே பாட்டு. செவ்வாப்பேட்ட ரெண்டாம் மேட, சேப்புக் கொடைல யாருன்னு. ஊத்துக்கோட்டக்காரனுக்கு செவ்வாப்பேட்டைல இன்னா வேல? சரி, சினிமாப் பாட்டா இருக்கும்னு உட்டுட்டேன். உங்க ஊட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தா, கதவு பின்னால ஆணில தொங்குது சேப்புக் கொட. எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ ஆமாம்பே. நீ ஆமான்னா அத நான் எங்கண்ணன்கிட்ட சொல்லணும். எதுக்கு அந்தப் பேஜாரு. பொண்ணும் புடிச்சிருந்துது, பஜ்ஜியும் நல்லா இருந்துது."

"நலங்கு அன்னிக்கு நீங்கதானே மொதல்ல சிரிச்சீங்க."

"பின்ன? வாசல்ல அவரு நாற்காலிய உட்டு எழுந்துக்கினு இருந்தாரு. இந்தம்மா பாட்டுக்குப் போட்டு ஒடைக்கிறா. நான் சிரிக்கலன்னா அங்கயே முடிஞ்சிது. வயிறு நோவ நோவ சிரிச்சேன். நாலு நாளு வலி." பிறகு நர்ஸக்காவைப் பார்த்து, "ஆனா ஒண்ணும்மா, பாட்டு நல்லாதான் கட்டியிருந்த. ஒரு வார்த்த பிசகல" என்றார்.

நர்ஸக்கா தெர்மாமீட்டரை வைத்துவிட்டு மடமடவென்று போனாள். பாவம், அழப் போகிறாள் என்று நினைத்தேன். போனவள் தன் பையோடு திரும்பி வந்தாள். பழைய நோட்டைப் பிரித்து, பக்கம் பக்கமாகத் தள்ளி, ஒரு இடத்தில் விரலை வைத்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"தப்பு பண்ணிட்டேன் கண்ணு. 'இதுமட்டும் தெரியாது சம்பந்தி'ன்னு பாடியிருக்கேன். இவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. கண்ணால பாக்காத ஒண்ண எழுதிட்டேன். ரெண்டு வருஷமா பொய்ய பையில வெச்சிக்கினு திரிஞ்சிருக்கேன்."

பென்சிலால் அந்த வரியை அடித்தாள், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிறகு மாமியார் பக்கம் கட்டிலில் உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, சிரித்தால் வலித்தது, தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

"கொடைய எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

"மணி எவ பாத்தா? பஜ்ஜி வைக்கறதுக்கு முன்னால."

"நெஜமா? பஜ்ஜிக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலதான். பஜ்ஜி வந்ததுக்கு அப்புறம் நான் பஜ்ஜியத்தான் பாத்தேன்."

நர்ஸக்கா விரல் விட்டு அளவு எண்ணினாள். உதடு 'தன்னன தானன' என்று அசைந்தது. எழுதினாள், அடித்தாள், எழுதினாள். பிறகு இரண்டு வருஷம் கழித்து முதல் முறையாக, வார்டே திரும்பிப் பார்க்க, என் பெண்ணின் முகத்துக்கு நேரே குனிந்து பாடினாள்.

"ஊத்துக்கோட்ட சங்கதியெல்லாம் உங்களுக்குத் தெரியும் சம்பந்தி,
பஜ்ஜித் தட்டு வரும் முன்னே இதுவும் தெரியும் சம்பந்தி."

பாடிவிட்டு நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறார் என்று எதிர்பார்த்து நின்ற மாதிரி இருந்தது. மாமியார் சிரிக்கவில்லை.

"ஆமா" என்றார். "அதான் நடந்தது."

நர்ஸக்கா நெஞ்சில் தொங்கிய கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, அந்த வரிக்குப் பக்கத்தில் மணியைக் குறித்துக்கொண்டாள்.